ஜீலைச் சுற்றி ஓடிய ஆள்வண்டி

அந்தமானில் ரயில் உண்டா என்று யாராவது கேட்டால் நான் உண்டு என்றுதான் சொல்வேன். கேட்டவர் சிரிப்பார். சிரிக்கட்டும். திக்லிபூருக்கும் அப்பால், மரம் வெட்டும் ஒரு கான்ட்ராக்டரின் கேம்ப்பிலிருந்து கழிமுகத்து ஜெட்டி வரைக்கும் ஒரு லைன் இருந்தது. குறுகலான தண்டவாளம், காட்டுக் கட்டையில் ஸ்லீப்பர், இரும்புச் சக்கரம் வைத்த டிராலி. மேலிருந்து கீழே மரம் தன் கனத்திலேயே உருண்டு வரும். கீழிருந்து மேலே காலி டிராலிகளை யானை இழுத்துப் போகும். அந்த லைனில் மனிதர்களும் போனார்கள். கிழமை வைத்து, படகு வரும் நாளுக்குப் பொருத்தம் பார்த்துப் போனார்கள். அதற்கு ரயில் என்று பெயரில்லாமல் வேறு என்ன பெயர்?

மாமாவை உயிரோடு படகில் ஏற்றுவதற்கு நாங்கள் கொண்டு போனதும் அந்த லைனில்தான்.

நான் விழுப்புரத்துக்காரன். அப்பா ஜங்ஷன் கேபினில் லீவர் இழுப்பவர். பாண்டிச்சேரிக்குப் போகும் ஒற்றை லைன் எனக்கு வீட்டு வாசல் மாதிரி. பிரெஞ்சுக்காரன் இருந்தவரை எல்லையில் வண்டியை நிறுத்திப் பெட்டி பெட்டியாகச் சோதிப்பார்கள். சின்ன வயதில் அதைப் பார்ப்பதற்கென்றே டிரைவர்களிடம் கெஞ்சி எஞ்சினில் தொற்றிப் போயிருக்கிறேன். பி.யு.சி. முடித்தேன். ரயில்வேயில் வேலை கிடைக்கும் என்று இரண்டு வருஷம் காத்திருந்தேன். கிடைக்கவில்லை. அக்கா கல்யாணமாகி அந்தமானில் இருந்தாள். அவள் புருஷன், அதாவது மாமா, கான்ட்ராக்டரின் கேம்ப்பில் கோடவுன் பார்த்துக்கொண்டிருந்தார். "சும்மா பிளாட்பாரத்துல நின்னு வண்டிக்குக் கையாட்டறதுக்கு இங்க வந்து மரத்துக்கு நம்பர் அடி" என்று எழுதியிருந்தார். கப்பல் ஏறிவிட்டேன். அறுபதுகளின் நடுவில், எனக்குப் பத்தொன்பது வயது.

கேம்ப் மலைமேல் இருந்தது. லைன் அங்கிருந்து வளைந்து இறங்கி, ஒரு பெரிய உப்பங்கழியின் கரையைச் சுற்றிக்கொண்டு போகும். கடலோடு எங்கோ சதுப்பு வழியாகத் தொடர்பு இருந்தாலும், பார்வைக்கு அது ஏரிதான். அக்கரையில் நிற்கும் ஆள் ஒரு புள்ளியாகத் தெரிவார். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்களும் ராஞ்சி ஆட்களும் நாங்களும் எல்லோரும் அதை ஜீல் என்றே சொன்னோம். முதலை இருந்ததால் அதில் யாரும் டோங்கி என்ற சிறு தோணிகூட விடுவதில்லை. ஜீலின் இந்தப் பாதிக்கரை கான்ட்ராக்டர் குத்தகைக்கு எடுத்த காடு. அந்தப் பாதி வங்காளிகள் குடியேறிய செட்டில்மென்ட். இரண்டுக்கும் நடுவில் மலை ஜீலுக்குள் மூக்கை நீட்டும் இடத்தில், லைனுக்குக் குறுக்கே ஒரு கேட் போட்டிருந்தார்கள். பருத்த மரக் கேட். ஒரு பக்கம் செங்குத்தான பாறை, மறுபக்கம் வேலி கட்டிய சேறு. காட்டிலிருந்து விறகோ மான்கறியோ வெளியே போகக் கூடாது என்று ஒரு சௌக்கிதார் சாவியோடு அங்கே இருப்பான். எனக்கு ஒரே சந்தோஷம். எல்லை கடந்து போகும் ரயில்! பாண்டிச்சேரி லைன் மாதிரியே!

இன்னும் பெரிய சந்தோஷம் யானை.

எங்கள் ஊர் ஒற்றை லைனில் டோக்கன் என்று ஒரு வளையம்தான் உண்டு. அந்த வளையம் கையில் இருக்கும் டிரைவர்தான் லைனில் இறங்கலாம். இரண்டு வண்டி எதிரெதிரே வராமல் இருப்பதற்கு அதுதான் வழி. இங்கே வளையம் கிடையாது, சிக்னல் கிடையாது, போன் கிடையாது. ஆனாலும் மோதல் நடந்ததில்லை. எப்படி என்று முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டேன். லைனில் வேலை செய்தது ஒரே ஒரு யானை. மரவண்டி கீழே போனதும் அது பின்னாலேயே நடந்து இறங்கும். ஜெட்டியில் காலி டிராலிகளைக் கோர்த்துக்கொண்டு மேலே வரும். கேம்ப்புக்குக் கீழே வளைவில் பாகன் டிராலிகளைக் கழற்றிவிட்டு, யானையை முதலில் கேம்ப்புக்குப் பின்னால் இருந்த குளத்துக்குத்தான் விடுவான். அதன் கழுத்தில் மரமணி. காட்டில் மேயவிட்ட யானைகளுக்குத்தான் மணி கட்டுவது வழக்கம், வேலை நேரத்தில் அவிழ்த்துவிடுவார்கள். லைன் யானைக்கு மட்டும், வளைவுகளில் எதிரே வருபவர்களுக்குத் தெரியட்டும் என்று, வேலையிலும் மணி இருக்கும். வேலை நேரத்தில் குளத்துப் பக்கம் 'டொக், டொக்' என்று கேட்டால் லைன் காலி என்று அர்த்தம். அடுத்த மரவண்டியை விடலாம். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை. எல்லோரும் அப்படியே செய்தார்கள்.

"மாமா, அந்த யானைதான் டோக்கன்!" என்று ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அத போயி அதுங்கிட்ட சொல்லிடாத. சம்பளம் கேக்கும்" என்றார் மாமா.

ஆள்வண்டி நான் வருவதற்கு முன்பே இருந்தது. ஒழுங்கில்லாமல் இருந்தது, அவ்வளவுதான். ஒரு தட்டையான டிராலி. யாருக்காவது ஜெட்டிக்குப் போக வேண்டுமென்றால் அதில் ஏறி உட்கார்ந்து, சக்கரத்தில் கட்டையை அழுத்திப் பிடித்து இறங்குவார்கள். நான் அதற்கு இரண்டு பெஞ்சு அடித்தேன். தார்ப்பாய்க் கூரை போட்டேன். இரண்டு வாரத்துக்கொரு முறை மாயாபந்தருக்குப் போகும் மோட்டார் படகு ஜெட்டிக்கு வரும். அந்த நாளிலும் பள்ளிக்கூட நாட்களிலும் காலையில் முதல் வண்டி ஆள்வண்டி, அது போனபின்தான் மரம் என்று மேனேஜரிடம் பேசி வாங்கினேன். மரவண்டிக்கு இருந்த வழக்கமே இதற்கும். ஆள்வண்டிக்குப் பின்னால் யானை இறங்கும், அது திரும்பி வந்து குளத்தில் மணி கேட்டால் மரம் இறங்கும். மேனேஜர் மெட்ராஸ் ஆள். ஒரு நடை மரம் குறையும் என்று முகத்தைச் சுளித்தார்.

"இன்னாய்யா, எழும்பூர்னு நெனப்பா? நாளைக்கு டைனிங் கார் கேப்ப."

மாமாதான் எனக்காகப் பேசினார். "சார், பொம்பளைங்க பசங்க ஒழுங்கா போயி வந்தா ஆம்பளைங்க கேம்ப்ப வுட்டு ஓட மாட்டானுங்க. வருஷா வருஷம் ஆள் புடிக்கறதுக்கு நீங்க படற பாடு எனக்குத் தெரியாதா?"

அது வேலை செய்தது. வண்டி ஓடியது. கேம்ப்பிலிருந்து செட்டில்மென்ட் பள்ளிக்கூடத்துக்குக் குழந்தைகள் போனார்கள். அங்கிருந்து வங்காளிப் பெண்கள் கத்தரிக்காயும் ஜீல் மீனும் கொண்டு வந்தார்கள். திரும்பும்போது யானை இழுக்கும் காலி டிராலிகளோடு ஆள்வண்டியும் கோர்க்கப்படும். கேட்டில் சௌக்கிதார் கூடைகளைக் கிளறுவான். இறக்கத்தில் ஒரு கை மழைக்கு நீட்டியபடி, இன்னொரு கையால் பிரேக் கட்டையை அழுத்திக்கொண்டு, ஜீலைச் சுற்றி வருவேன் பாருங்கள், அந்த மாதிரி ஒரு வேகம் எனக்கு இதுவரை எதிலும் கிடைத்ததில்லை. சரிவு கண்ணுக்குத் தெரியாது. சக்கரத்துக்குத் தெரியும்.

"இவனுக்குப் பொண்ணு பாக்காதீங்க. அந்த டிராலிய கட்டி வச்சிடுங்க" என்பாள் அக்கா.

"சீர் கம்மியாத்தான் வரும். நாலு சக்கரம்" என்பார் மாமா.

மழைக்காலத்தில் மாமாவுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் கேம்ப்பில் புதிதல்ல. எல்லோருக்கும் வரும், குவினைன் விழுங்கிவிட்டுப் போர்த்திக்கொண்டு படுப்பார்கள், எழுந்துவிடுவார்கள். மாமா எழவில்லை. நாலாம் நாள் அக்காவைப் பார்த்து, "யாரும்மா நீ, கோடவுன் சாவிய எடுக்காத" என்றார். அவள் முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துவிட்டாள். அப்புறம் கழுத்தைத் தொட்டுப் பார்த்தவள் என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இல்லை. கேம்ப்பின் கம்பவுண்டர் வந்தார். மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது, தன்னிடம் உள்ள மாத்திரைக்கு இது அடங்காது, ஊசியும் டாக்டரும் மாயாபந்தரில்தான், இன்னும் ஒன்றிரண்டு நாள் தாங்குவார் என்று ஒளிக்காமல் சொன்னார்.

மறுநாள்தான் படகு நாள். இவ்வளவு கெட்ட நேரத்திலும் அது ஒரு நல்ல நேரம் என்று நான் துள்ளினேன் என்றே சொல்ல வேண்டும். உச்சிக்கு முன்னால் கழிமுகத்தில் தண்ணீர் ஏறி நிற்கும்போது படகு புறப்படும். தண்ணீர் இறங்கிவிட்டால் மணல்திட்டைத் தாண்ட முடியாது. விடியலில் ஆள்வண்டியை விட்டால் எவ்வளவோ நேரம் மிச்சம்.

பொழுது விடிந்ததும் கிளம்பினோம். மழை கொட்டிக்கொண்டிருந்தது. பெஞ்சுகளைப் பிடுங்கிவிட்டு டிராலியில் வைக்கோல் பரப்பி மாமாவைக் கிடத்தினோம். அக்கா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வேறு யாரையும் ஏற்றவில்லை. மரவண்டிக்கு பிரேக் பிடிக்கும் ராமநாதபுரத்து அண்ணன்கள் இருவரும், கூடப் பிறந்தவர்கள், வந்து நின்றார்கள்.

"தம்பி, வளைவுல அழுத்திப் புடிங்க. ஈரத்துல வழுக்கும்" என்றார் பெரியவர்.

"பாத்துக்கறேண்ணே."

"நீங்க போய்ச் சேந்து யானை மேல வந்த பொறவுதான் நாங்க எறங்குவோம். மனச விட்றாதீங்க."

பாகன், ராஞ்சிக்காரன், யானையோடு பின்னாலேயே இறங்கி வருவதாகக் கையாட்டினான்.

நான் பிரேக் பிடித்ததிலேயே அன்றைக்குத்தான் நன்றாகப் பிடித்தேன். குலுக்கலில்லாமல் கேட்டுக்கு வந்து சேர்ந்தோம். கேட் பூட்டியிருந்தது. சௌக்கிதார் இல்லை.

வழக்கமாக ஆள்வண்டி இவ்வளவு சீக்கிரம் வராது. குழந்தைகளும் கூடைகளும் ஏறி முடித்து, வெயில் வந்தபின்தான் வரும். அவன் அந்தக் கணக்கில் செட்டில்மென்டுக்கு அரிசி வாங்கப் போயிருந்தான். சாவி அவன் இடுப்பில். கத்தினேன். கேட்டின் மேல் ஏறி அந்தப் பக்கம் குதித்து லைனோடு ஓடிப் பார்த்தேன். மழையில் எதிரே ஒன்றும் தெரியவில்லை. அவன் எந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறானோ என்று திரும்பி வந்தேன். மாமாவைத் தூக்கிக் கேட்டின் மேலே ஏற்றி இறக்கலாமா என்று பார்த்தோம். நானும் அக்காவும் மட்டும். அவர் கனமான மனிதர், காய்ச்சலில் கை கால்களை உதறிக்கொண்டிருந்தார். முடியவில்லை.

"யான வரட்டும்டா" என்றாள் அக்கா. "யான வந்தா கேட்ட தள்ளிடும்."

யானை வந்தது. மழையில் மணிச்சத்தம் முதலில் வந்தது. பிறகு யானை. பாகனிடம் ஓடினேன். கேட்டை உடை, தள்ளச் சொல், ஒரு முட்டு முட்டினால் போய்விடும் என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கத்தினேன்.

அவன் கேட்டையும் டிராலியையும் மாறி மாறிப் பார்த்தான். "பாபு, மாலிக் கா கேட் ஹை" என்றான். முதலாளியின் கேட். கேட்டையோ வேலியையோ உடைத்தால் யானையைப் பிடுங்கிக்கொண்டு தன்னைத் துரத்திவிடுவார்கள், சௌக்கிதார் வந்துவிடுவான், கொஞ்சம் பொறு என்றான்.

"ஆத்மி மர் ஜாயேகா!"

"சாபி ஆயேகா, பாபு. ஆ ஜாயேகா."

ஆள் செத்துவிடுவான் என்று நான் சொல்ல, சாவி வந்துவிடும் என்று அவன் சொல்ல, இப்படியே நின்றோம். நான் அவனை என்னென்னவோ திட்டினேன். அவன் திருப்பித் திட்டவில்லை. ஊரில் அவனுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு, யானையை விட்டால் வேறு பிழைப்பில்லை. அது எனக்கு அப்போதும் தெரியும். தெரிந்தும் திட்டினேன். கடைசியில் அக்கா மாமாவின் தலையை வைக்கோலில் வைத்துவிட்டு இறங்கி வந்து யானையின் முன்னால் நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். பாகனை அல்ல, யானையை. பாகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். திரும்பிப் பார்க்காமலே, "டீக் ஹை, தீதி" என்றான். சரி, அக்கா.

அவன் யானையைக் கேட்டை நோக்கித் திருப்பிய நேரத்தில்தான் மலைமேலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

மேலே என்ன நடந்தது என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. இன்னொரு கேம்ப்பிலிருந்து ஒரு புது யானை அன்று எங்கள் கேம்ப்புக்கு மாற்றலாகி வந்தது. லைன் வழியாக அல்ல, காட்டு வழியாக. ராத்திரி மேயவிட்டு, விடிந்ததும் பிடித்து, நேரே நடத்திக்கொண்டு வந்தார்கள். கழுத்து மணியை யாரும் அவிழ்க்கவில்லை. களைத்து வந்த யானை எங்கே போகும்? குளத்துக்குப் போனது. மரம் ஏற்றும் ஆட்கள் மழைக்குத் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். ஏற்றிவைத்த மரவண்டி தயாராக நின்றது. தண்ணீர் இருக்கும்போதே மரத்தைக் கழியில் இறக்க வேண்டும் என்று மேனேஜர் விரட்டிக்கொண்டிருந்தார். குளத்துப் பக்கம் 'டொக், டொக்'. வெயில் இல்லாத நாளில் பொழுது எவ்வளவு போயிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? "யானை வந்துருச்சு. நல்லவேளை, அவுக போய்ச் சேந்துட்டாக" என்று பெரியவரே சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டுத்தான் கட்டையை எடுத்திருக்கிறார். எங்களுக்காக நிம்மதிப்பட்டுக்கொண்டே விட்டார்கள்.

அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். தண்டவாளம் முதலில் சொல்லும். பிறகு காது கேட்கும். பாகனுக்கும் தெரிந்தது. யானையைச் சுழற்றினான், இழுவைச் சங்கிலியை என்னிடம் எறிந்தான். நான் டிராலியின் கொக்கியில் மாட்டினேன். அக்கா தாவி ஏறி மாமாவின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். யானை ஒரே இழுப்பில் டிராலியைத் தண்டவாளத்திலிருந்து பக்கவாட்டில் பிடுங்கிச் சேற்றுக்குள் இழுத்தது. வேலி முறிந்தது. டிராலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, ஆனால் கவிழவில்லை.

மரவண்டி வளைவில் தெரிந்தது. அண்ணன்கள் இருவரும் எங்களைப் பார்த்துவிட்டார்கள். கட்டையை அழுத்தி, உடம்பையே அதன்மேல் போட்டு அழுத்துகிறார்கள், சக்கரத்திலிருந்து புகை வருகிறது, ஈரத் தண்டவாளத்தில் வழுக்கிக்கொண்டே வருகிறது. "குதிங்கண்ணே!" என்று கத்தினேன். சின்னவர் ஜீலில் குதித்தார். பெரியவர் கடைசிவரை விடவில்லை. பூட்டிய கேட்டில் முதல் டிராலி மோதியது. பின்னால் வந்த மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. கேட் தீப்பெட்டி மாதிரி போயிற்று. சத்தம் நின்றதும் மழைச்சத்தம் மட்டும் கேட்டது.

பெரியவரை இரண்டு மரங்களுக்கு நடுவில் கண்டோம். அவருக்கு இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

அந்த இடத்தில் நின்று அழக்கூட எனக்கு நேரம் இருக்கவில்லை. இதைச் சொல்ல ஒரு மாதிரியாக இருக்கிறது. லைன் அடைபட்டுவிட்டது, படகுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது, என் தலைக்குள் இது மட்டும்தான் ஓடியது. கேட் இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்கும் மேல் மரம். மாமாவை யானை மேல் ஏற்றி, மரக்குவியலைச் சுற்றிச் சதுப்பில் இறக்கித்தான் கொண்டுபோக வேண்டும். சதுப்பில் யானை மெதுவாகத்தான் கால் வைக்கும்.

"நீ ஓடு" என்றாள் அக்கா. "படக நிறுத்து. எப்டியாச்சும் நிறுத்து. நாங்க பின்னாலயே வரோம்."

ஓடினேன். ஸ்லீப்பர் ஸ்லீப்பராகத் தாண்டி ஜீலைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். வழியில் சௌக்கிதார் தலையில் அரிசி மூட்டையோடு எதிரே வந்தான். சாவியைக் காட்டி ஏதோ சொன்னான். நான் நிற்கவில்லை.

படகு ஜெட்டியில்தான் இருந்தது. அதை ஓட்டும் செராங் ஒரு மலையாளி, வயதானவர், அதிகம் பேசமாட்டார். மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். ஆட்களைக் கூப்பிட்டு, எஞ்சின் அறைக்குப் பக்கத்தில் மழைபடாத இடத்திலிருந்த மூட்டைகளை எடுக்கச் சொன்னார். பாய் விரிக்கச் சொன்னார். பிறகு கழிமுகத்தில் நட்டிருந்த ஒரு மூங்கிலைக் காட்டினார். அதில் தண்ணீருக்கு அடியில் ஒரு வெள்ளைத்துணி கட்டியிருக்கும்.

"அந்தத் துணி வெளியே வர்ற வரை நிக்கும். அதுக்கு மேலே நிக்க முடியாது, மோனே. இதுல நாப்பது பேர் இருக்கு."

"வந்துடுவாங்க. பின்னாலயே வராங்க."

"வரட்டும்."

மழை விட்டிருந்தது. படகில் இருந்தவர்கள் எல்லோரும் லைனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு வங்காளிக் கிழவி தன் மூட்டையைப் பிரித்து எனக்குப் பொரி கொடுத்தாள். நான் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். துணியின் நுனி தெரிந்தது. செராங் அதைப் பார்த்தார். பாதித் துணி தெரிந்தது. படகிலிருந்த ஒருத்தன், "சலோ பாய், ஃபஸ் ஜாயேங்கே" என்று முணுமுணுத்தான். திட்டில் சிக்கிக்கொள்வோம் என்கிறான். செராங் அவனைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டான். முழுத் துணியும் வெளியே வந்தது. அதற்கும் பிறகு அவர் கொஞ்ச நேரம் நின்றார். அது எனக்குத் தெரியும். அதை நான் மறக்க மாட்டேன்.

பிறகு என் தோளைத் தொட்டார். "நீ வர்றியா? டாக்டரைக் கேட்டு மருந்து அனுப்பலாம்."

அடுத்த படகில் வரும் மருந்து யாருக்கு? வேண்டாமென்று தலையை ஆட்டினேன். கயிற்றை அவிழ்த்தார்கள்.

படகு திட்டைத் தாண்டுவதற்குள் செட்டில்மென்டின் கடைசி வளைவில் யானை தெரிந்தது. படகில் எல்லோரும் கத்தினார்கள். செராங் ஹாரன் அடித்தார், நீளமாக. திரும்புவதற்குத் தண்ணீர் இல்லை. யானை அந்தச் சத்தத்தைக் கேட்டு நின்றுவிட்டது. மேலே அக்கா மாமாவைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்திருந்தாள். படகு போவது அவளுக்கு உயரத்திலிருந்து, ஜெட்டியில் நின்ற என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

ஜெட்டிக் கொட்டகையில் மாமாவைக் கிடத்தினோம். செட்டில்மென்ட் ஜனங்கள் பால் கொண்டு வந்தார்கள், கம்பளி கொண்டு வந்தார்கள். அக்கா விடாமல் ஈரத்துணி போட்டாள். மறுநாள் காலை ஒரு தடவை கண் விழித்து என்னைப் பார்த்து, "வண்டி வந்துடுச்சா?" என்றார். புத்தியோடு கேட்டாரா, காய்ச்சலில் கேட்டாரா, தெரியவில்லை. "வந்துடுச்சு மாமா" என்றேன். உச்சிக்குள் போய்விட்டார்.

இரண்டு பேரையும் ஜீல் கரையில் செட்டில்மென்ட் பக்கத்திலேயே எரித்தோம். ஈர விறகு. பிரேக் பிடித்த பெரியவரின் தம்பி, ஜீலில் குதித்தவர், கையில் கட்டுப்போட்டபடி நின்றார். என்னிடம் வந்து, "மணி கேட்டுச்சு தம்பி. சத்தியமாக் கேட்டுச்சு" என்றார். கேட்கவில்லை என்று யாரும் மறுக்கவில்லை. அதன் பிறகும் அவர் பார்ப்பவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் பழைய யானையும் புது யானையும் சேர்ந்து மரத்தை இழுத்து லைனைத் திறந்துவிட்டன. புதுக் கேட் வந்தது. காட்டுக் கேம்ப்பில் மரத்துக்கா பஞ்சம்? மேனேஜர் அக்காவிடம் துக்கம் விசாரித்தார், உண்மையாகவே கண்ணீர் விட்டார். விட்டுவிட்டு வெளியே வந்து என்னிடம், "இனிமே ஆள்வண்டி வேணாம். மரம் மட்டும் போவட்டும்" என்றார்.

"கேட்டும் மணியும்தான் சார் காரணம். ஆள்வண்டி இன்னா பண்ணுச்சு?"

"ஆள் இருந்தாத்தானேய்யா ஆள் சாவான்."

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. நிறைய இருந்தது. கேட்டில் எந்நேரமும் ஆள் வேண்டும், புது யானைக்கு வேறு மணி வேண்டும், ஜெட்டியிலிருந்து மேலே எட்டுகிற மாதிரி ஒரு தகவல் வேண்டும். எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே குடையை விரித்தார்.

ஆள்வண்டியின் தார்ப்பாயைக் கோடவுனுக்கு எடுத்துப் போனார்கள். குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்குப் போவது நின்றது. வங்காளிப் பெண்கள் கொஞ்ச நாள் தலையில் கூடையோடு நடந்து வந்தார்கள், பிறகு அவர்களும் வரவில்லை.

அடுத்த படகுக்கு அக்காவை அழைத்துக்கொண்டு நடந்தேன். அவளுக்கு அங்கே இனி வேலையில்லை, எனக்கும் இருக்க மனமில்லை. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மூட்டை. பாகன் யானையைக் கொண்டு வந்து நிறுத்தினான். அக்கா ஏறவில்லை. பெட்டியை மட்டும் அதன்மேல் வைக்கச் சொன்னாள். ஜீலை முழுக்கச் சுற்றி நடந்தோம். வழியில் அவள் பேசியது ஒரே ஒரு தடவை.

"படகு ஒரு அர நாழி நின்னிருந்தா பொழச்சிருப்பாராடா?"

"தெரியலக்கா."

"தெரியலன்னா சொல்லாத. பொழச்சிருக்க மாட்டாருன்னு சொல்லு."

சொன்னேன். அவள் தலையாட்டிக்கொண்டு நடந்தாள்.

ஜெட்டியில் செராங் எங்களைப் பார்த்ததும் இறங்கி வந்தார். அவருக்கு யாரும் தகவல் சொல்லியிருக்கவில்லை. எங்கள் பின்னால் லைனைப் பார்த்தார். யானை முதுகில் பெட்டியைப் பார்த்தார். அக்காவின் நெற்றியைப் பார்த்தார். அக்காவே சொன்னாள், "அன்னிக்கி நீங்க நின்னதா தம்பி சொன்னான்."

"நின்னேன், மோளே. போதலையே."

எஞ்சின் அறைக்குப் பக்கத்தில் அதே இடத்தைக் காலி பண்ணச் சொன்னார். பாய் விரித்தார்கள். அக்கா படுக்கவில்லை, மாயாபந்தர் வரைக்கும் உட்கார்ந்தே வந்தாள். படகு நிரம்பி வழிந்தது. குழந்தையோடு நின்ற ஒருத்தியிடம் பாயின் பாதியைத் தட்டிக் காட்டினாள். அந்தப் பெண் தயங்கிவிட்டு உட்கார்ந்தாள், குழந்தையை அக்காவின் பக்கமாகப் படுக்க வைத்தாள். அதன் கால்கள் ஈரமாக இருந்தன. அக்கா முந்தானையால் துடைத்துவிட்டாள்.